கேசியோ எஃப்.எக்ஸ்-991 ஈ.எஸ். பிளஸ்: ஒரே ஒரு பொத்தானுக்கு ஒரு மதிப்புரை

இந்தக் கால்குலேட்டரில் 417 செயல்பாடுகள் இருப்பதாக நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவற்றில் 416ஐப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, தொகையீட்டுப் பொத்தானின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும் 'டி பை டி.எக்ஸ்.' பற்றி மட்டும்; அதாவது, ஒரு சார்பு எந்த வீதத்தில் மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுவைக் காணும் வசதி. அதிலும், அடுக்கும் மூலமும் கலந்து வரும் சார்புகளுக்கு அது எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதைப் பற்றி.

திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒரு பக்கம். முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்துவிட்டு வரும் பொறியியல் மாணவர்கள் மறுபக்கம். வயது வேறு, பாடத்திட்டம் வேறு, சறுக்கும் இடம் மட்டும் ஒன்று. சைன், காஸ் வந்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். வர்க்கமூலத்துக்குள் ஒரு கோவை, பகுதியில் ஒரு கனமூலம், அடுக்கில் ஒரு கழித்தல் குறி என்று வந்துவிட்டால் பேனா நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் இன்னும் மோசம். ஒரு பக்கம் முழுக்கத் தப்பும் தவறுமாக எழுதி, கடைசியில் அடிக்கோடும் போட்டு வைத்திருப்பார்கள்.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொத்தான் வகைக்கெழுவைச் சூத்திரமாகத் தராது. எக்ஸின் வர்க்கமூலத்தைக் கொடுத்தால், 'ஒன்றின் கீழ் இரண்டு ரூட் எக்ஸ்' என்று எழுதிக் காட்டாது. எந்தப் புள்ளியில் என்று கேட்கும். 4 என்று கொடுத்தால் 0.25 என்று சொல்லும். 2 என்று கொடுத்தால் 0.3535533906. அதோடு அதன் வேலை முடிந்தது. "டிஃபரன்சியேஷன் எல்லாம் இதுவே போட்டுவிடும் தம்பி" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

எனக்கோ இதுதான் இந்தக் கருவியின் பெரிய சிறப்பு. சூத்திரத்தையும் படிகளையும் கொட்டித் தரும் கைப்பேசிச் செயலிகள் எத்தனையோ உண்டு. மாணவி ஒருத்தி ஒன்றை வைத்திருந்தாள், பெயர் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தின் மேல் கேமராவைக் காட்டியதும், மூலக்குறியின் மேல்கோடு எக்ஸோடு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த 9ஐ வெளியே தள்ளி, வேறு ஏதோ ஒரு கணக்குக்குப் படிப்படியாக, வண்ணம் வண்ணமாக விடை போட்டுக் கொடுத்தது. அவளும் அதை அப்படியே பார்த்து எழுதினாள். வெறும் எண்ணை மட்டும் தரும் கருவியிடமிருந்து காப்பி அடிக்க எதுவும் இல்லை. கணக்கைக் கை போட்டாக வேண்டும். போட்டது சரியா என்று மட்டும் இது சொல்லும். பிளஸ் டூ கணிதப் பொதுத்தேர்விலும் ஜே.இ.இ.யிலும் கால்குலேட்டருக்கு இடமில்லை என்பதால், அங்கே உட்காரப் போகிறவர்களுக்கு வீட்டில் இருக்க வேண்டியதும் இப்படிப்பட்ட ஒன்றுதான்.

இயக்கும் விதம் எளிது. ஷிப்ட் அழுத்தித் தொகையீட்டுப் பொத்தானை அழுத்தினால், சார்புக்கு ஒரு கட்டமும் எக்ஸின் மதிப்புக்கு ஒரு கட்டமும் திரையில் வரும். எக்ஸ் வேண்டுமென்றால் ஆல்பா அழுத்தி, மூடும் அடைப்புக்குறியை அழுத்த வேண்டும். வர்க்கமூலத்துக்குத் தனிப் பொத்தான் உண்டு. அதையே ஷிப்டோடு அழுத்தினால் கனமூலம். நான்காம் மூலம், ஐந்தாம் மூலம் என்றால் அடுக்குப் பொத்தானை ஷிப்டோடு அழுத்துங்கள். முக்கோணவியல் சார்புகள் வந்தால் கோண அளவை ரேடியனுக்கு மாற்ற மறக்கக் கூடாது. நம் பேச்சு மூலங்களோடு நிற்பதால் அந்தக் கவலை இல்லை.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. மூலக்குறியைப் போட்டதும் இடங்காட்டி அதன் கூரைக்குள் நுழைந்துவிடும். உள்ளே எழுதி முடித்ததும் வலது அம்புக்குறியை அழுத்தி வெளியே வர வேண்டும். 'ரூட் எக்ஸ், அதோடு 9' என்று எழுத நினைத்தவர் அம்புக்குறியை அழுத்தாமல் விட்டால், 9உம் கூரைக்குள் போய்விடும். 4 என்ற புள்ளியில் முதலாவதன் வகைக்கெழு 0.25, இரண்டாவதற்கு 0.1386750491. கருவி பொய் சொல்வதாகச் சண்டைக்கு வருபவர்களிடம், எண்ணைப் பார்க்கும் முன் கூரை எதுவரை நீண்டிருக்கிறது என்று பாருங்கள் என்பேன். அச்சில் மூலக்குறி முதலில் வந்தது 1525இல், கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்ற ஜெர்மானியரின் நூலில். அப்போது அதற்குக் கூரை கிடையாது. 1637இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்தான் மேலே கோடிழுத்து, எதுவரை மூலத்துக்குள் அடக்கம் என்பதைத் தெளிவாக்கினார். அந்தக் கோட்டின் அருமை, ஒருமுறை அம்புக்குறியை அழுத்த மறந்து அரைமணி நேரம் திண்டாடியவர்களுக்குத் தெரியும்.

இனிச் சரிபார்க்கும் முறை. மாணவர் கையால் வகையிட்டு ஒரு விடை எழுதியிருப்பார். ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் உள்ள சார்பை டி பை டி.எக்ஸில் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, தான் எழுதிய விடையைத் தனியாகத் திரையில் எழுதி, கால்க் பொத்தானை அழுத்தி, அதே புள்ளியைக் கொடுக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றானால் பெரும்பாலும் சரி. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. என் பார்வையில் இந்தப் பொத்தானின் மதிப்பு முழுவதும் நீங்கள் கொடுக்கும் புள்ளியில்தான் இருக்கிறது.

விட்டால் எல்லாரும் 1ஐத்தான் கொடுப்பார்கள். அதைவிட மோசமான புள்ளி இல்லை. எக்ஸ் அடுக்கு 3/2 என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கை முன்னால் இறக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் விடை 3/2 பெருக்கல் ரூட் எக்ஸ். ஒருவர் அடுக்கை முன்னால் இறக்கிவிட்டுக் குறைக்க மறந்துபோய், 3/2 பெருக்கல் எக்ஸ் அடுக்கு 3/2 என்று எழுதியிருக்கிறார். 1 என்ற புள்ளியில் சரியான விடையும் 1.5, தவறான விடையும் 1.5. ஒன்றை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதானே! அடுக்கில் நடக்கும் தவறு எதையும் அந்தப் புள்ளி காட்டிக்கொடுக்காது. 4ஐக் கொடுத்துப் பாருங்கள்: சரியானது 3, தவறானது 12. குட்டு உடைந்துவிட்டது.

கழித்தல் அடுக்குகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒன்றின் கீழ், எக்ஸின் கனத்துக்கு வர்க்கமூலம். அதாவது எக்ஸ் அடுக்கு −3/2. இதில் ஒன்றைக் குறைத்தால் −5/2 வர வேண்டும். குழப்பத்தில் −1/2 என்று எழுதாத மாணவரை நான் பார்த்ததில்லை. 'குறை' என்றதும் எண் சிறிதாகத் தோன்ற வேண்டும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. 1 என்ற புள்ளியில் இரண்டுக்கும் −1.5 வரும், மாணவர் மகிழ்ச்சியோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். 4 என்ற புள்ளியில் சரியான விடை −0.046875, அவர் எழுதியது −0.75.

ஆகவே வர்க்கமூலம் மட்டும் வந்தால் 4 அல்லது 9, கனமூலம் வந்தால் 8, இரண்டும் கலந்து வந்தால் 64 என்பது என் வகுப்பில் எழுதாத சட்டம். 64க்கு வர்க்கமூலம் 8, கனமூலம் 4; கருவி இல்லாமலும் மனக்கணக்காகச் சரிபார்த்துவிடலாம். ஆனால் பகுதியில் பெரிய அடுக்குகள் இருக்கும்போது 64 வேண்டாம். மேலே சொன்ன சார்பின் வகைக்கெழு அங்கே பூஜ்யத்தை ஒட்டிய நுணுக்க எண்ணாகிவிடும். விடை பூஜ்யத்தை நெருங்கினால் துல்லியம் குறையலாம் என்று நிறுவனத்தின் கையேடே எச்சரிக்கிறது.

ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு வரும் சங்கிலி விதிக் கணக்குகளுக்கு எனக்குப் பிடித்தமானது, எக்ஸின் வர்க்கத்தோடு 9ஐக் கூட்டி, மொத்தத்துக்கும் வர்க்கமூலம். 4ஐக் கொடுத்தால் உள்ளே 25, வெளியே 5. வகைக்கெழு 4/5, அதாவது 0.8. உள்ளே இருப்பதை வகையிட மறந்தவருக்கு 0.1 வரும். மூலத்தைக் கூட்டலின் மேல் பிரித்துப் போட்டு, 'எக்ஸ் கூட்டல் 3' என்று எழுதிவிட்டவருக்கு 1 வரும். விடையைப் பார்த்தே யார் எங்கே வழுக்கினார் என்று சொல்லிவிடலாம். மூலத்துக்குள் மூலம் வந்தாலும் கருவி சளைப்பதில்லை. எக்ஸையும் ரூட் எக்ஸையும் கூட்டி, அதற்கு ஒரு வர்க்கமூலம் என்று கொடுத்தேன்; 4இல் 0.2551551815 என்று வந்தது. கையால் போட்டாலும் அதேதான்: மேலே 1.25, கீழே 2 பெருக்கல் ரூட் 6.

பெருக்கல் விதியும் வகுத்தல் விதியும் தேவையில்லாத இடங்களில் அவற்றைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸின் வர்க்கம் பெருக்கல் ரூட் எக்ஸ் என்று கொடுத்தால், பாதிப் பேர் பெருக்கல் விதிக்குப் போவார்கள். சிலர் இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிவிடுவார்கள். அடுக்குகளைக் கூட்டி 5/2 என்று ஒன்றாக்கிவிட்டால் ஒரே வரியில் வேலை முடிந்தது: 5/2 பெருக்கல் எக்ஸ் அடுக்கு 3/2. புள்ளி 4இல் விடை 20. பெருக்கல் விதியில் போனாலும் 16உம் 4உம் சேர்ந்து 20. தனித்தனியே வகையிட்டுப் பெருக்கியவருக்கு 2தான் கிடைக்கும். பத்து மடங்கு வித்தியாசத்தைத் திரையில் பார்த்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் விட்டுப்போகாதது.

மூலங்களைக் கண்டு மிரள்வது நம் பிள்ளைகளின் குணம் மட்டுமல்ல. 1684இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் வெளியிட்ட, வகை நுண்கணிதத்தின் முதல் கட்டுரையின் நீண்ட லத்தீன் தலைப்பிலேயே, பின்னங்களும் ரூட் 2 போன்ற விகிதமுறா அளவுகளும் குறுக்கே வந்தாலும் தடைப்படாத முறை இது என்று அறிவித்திருக்கிறார். அதற்கு முந்தைய முறைகளில் மூலங்களை ஒழித்துக்கட்டவே பாதி உழைப்பு போயிற்று. மூலத்தைப் பின்ன அடுக்காக மாற்று, பிறகு எல்லா அடுக்குக்கும் ஒரே விதி என்று இன்று ஒரு வாக்கியத்தில் முடிப்பதை, அன்று விளம்பரம் போலத் தலைப்பில் வைத்திருந்தார் மனிதர்.

எனக்கு இந்தப் பொத்தான் மிக அதிகமாகப் பயன்படுவது இன்னொரு சங்கடத்தில். புத்தகத்தின் பின்பக்க விடையும் நாம் போட்ட விடையும் பார்வைக்கு வேறு வேறாக இருக்கும். தொகுதியில் எக்ஸின் வர்க்கம் கூட்டல் 1, பகுதியில் ரூட் எக்ஸ் என்ற கணக்கைப் பாருங்கள். பிரித்து எழுதி வகையிட்டவருக்கு, 3/2 ரூட் எக்ஸிலிருந்து, எக்ஸ் அடுக்கு −3/2இன் பாதியைக் கழிக்க வேண்டும் என்று வரும். வகுத்தல் விதியில் போனவருக்கு, மேலே மூன்று எக்ஸ் வர்க்கம் கழித்தல் 1, கீழே இரண்டு எக்ஸ் ரூட் எக்ஸ் என்று வரும். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். 4ஐக் கொடுத்தால் முதலாமவருக்கு 3இலிருந்து 1/16 போக 2.9375, இரண்டாமவருக்கு 47இன் கீழ் 16, அதுவும் 2.9375. பொத்தானும் அதையே சொல்கிறது. சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டுத் தவறாகத் திரும்பப் போடும் பிள்ளைகளை இது பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

நேர் எண்களோடு நின்றுவிடாதீர்கள். எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் என்று ஒரு கேள்வி வரும். வர்க்கமும் மூலமும் அடிபட்டு எக்ஸ் மிஞ்சுகிறது, வகைக்கெழு 1 என்று எழுதுவார்கள். 4இல் சரிபார்த்தால் கருவியும் 1 என்றே ஆமாம் போடும். −4ஐக் கொடுத்தால்தான் −1 வரும். மிஞ்சுவது எக்ஸ் அல்ல, எக்ஸின் மட்டு மதிப்பு. சார்பகம் அனுமதிக்கும் இடங்களில் எல்லாம் ஒரு குறை எண்ணையும் கொடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

பூஜ்யத்தில் மட்டும் இந்தப் பொத்தானை நம்பாதீர்கள். காரணம் அது கணக்கிடும் விதம். புள்ளிக்கு வலப்பக்கம் துளி தள்ளி ஒரு மதிப்பு, இடப்பக்கம் அதே அளவு தள்ளி ஒரு மதிப்பு. வித்தியாசத்தை மொத்த இடைவெளியால் வகுப்பது. மைய வேறுபாட்டு முறை என்று இதற்குப் பெயர். இரண்டு பக்கமும் சார்பு ஒழுங்காக இருக்கும்வரை அருமையாக வேலை செய்யும். ரூட் எக்ஸுக்குப் பூஜ்யத்தின் இடப்பக்கமே கிடையாது. 'மேத் எரர்' என்று கைவிரித்துவிடும். அங்கே தொடுகோடு செங்குத்து என்பதால் அதில் வருத்தமில்லை. ஆனால் எக்ஸ் அடுக்கு 3/2க்கு வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் வகைக்கெழு சமர்த்தாகப் பூஜ்யம். இடப்பக்கம் இல்லாததால் அதையும் கருவியால் சொல்ல முடியாது.

கனமூலத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு, வேடிக்கையும் உண்டு. 0.001 தள்ளிப் பார்த்தால் கனமூலம் 0.1, இடப்பக்கம் −0.1. வித்தியாசம் 0.2, இடைவெளி 0.002, விடை 100. இன்னும் நெருங்கி 0.000001 தள்ளினால் விடை 10,000. நெருங்க நெருங்க எகிறிக்கொண்டே போகும். உண்மையில் அங்கே வகைக்கெழு இல்லை. எக்ஸ் வர்க்கத்தின் கனமூலம் இதைவிட விஷமக்காரச் சார்பு. இரண்டு பக்கமும் உயரம் சமம், வித்தியாசம் பூஜ்யம். ஆகவே இந்த முறையில் வகைக்கெழுவும் பூஜ்யம் என்று வரும். வரைபடத்தில் அந்த இடம் ஊசிமுனை போலக் கூராக இருக்கும். படுக்கைத் தொடுகோடு எங்கேயும் இல்லை. வகையிட முடியாத புள்ளிகளில் பிழை வரலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்? பெட்டியைப் பிரித்ததும் முதலில் காணாமல் போவது அதுதான்.

குறை எண்ணை அடுக்குக்கு உயர்த்தும்போது அடைப்புக்குறி போடுங்கள். −8ஐ அடைப்புக்குள் வைத்து அடுக்கு 2/3 என்றால் 4 வரும். அடைப்பு இல்லாமல் அழுத்தினால் முதலில் 8க்கு அடுக்குப் போட்டு, பிறகு கழித்தல் குறியைச் சேர்த்து −4 என்று காட்டும். கருவி செய்வது கணித மரபுப்படி சரிதான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பொறியியல் படிப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்; நிரல் எழுத முடியாத கருவி என்பதால் கல்லூரித் தேர்வுகளுக்கும் ஆகும். சூரிய ஒளித் தகடும் பொத்தான் பேட்டரியும் சேர்ந்து இயக்குவதால் பரீட்சை நடுவில் காலை வாரும் பயம் குறைவு. 552 செயல்பாடுகளோடு கிளாஸ்விஸ் வரிசையில் எஃப்.எக்ஸ்-991 ஈ.எக்ஸ். இருக்கிறது, திரை இன்னும் தெளிவு. ஆனால் வகைக்கெழு விஷயத்தில் அதுவும் புள்ளியைக் கேட்டு எண்ணைத்தான் தரும்; இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சந்தையில் போலிகள் நடமாடுகின்றன. பில் போட்டுத் தரும் கடையில் வாங்கி, அங்கேயே ரூட் எக்ஸுக்கு 4இல் 0.25 வருகிறதா, அடைப்புக்குள் −8 அடுக்கு 2/3க்கு 4 வருகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய எஃப்.எக்ஸ்-991 எம்.எஸ். மாதிரி வீட்டில் இருந்தால், இந்த வேலைக்கு அதுவே போதும். மூலக்குறிக்குக் கூரை நீளாது என்பதால் உள்ளே வருவதை எல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்; சார்பை எழுதியதும் ஒரு காற்புள்ளி போட்டுப் புள்ளியைக் கொடுக்க வேண்டும். விடை அதேதான் வரும்.